முகவுரையில் தொடங்கிய போர்

தமிழில் வசன கவிதையின் தோற்றம் பற்றிப் பேசுவோர் வால்ட் விட்மனின் பெயரைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. பாரதியார் அவரைப் பாராட்டி எழுதினார். ந. பிச்சமூர்த்தி தம் கவிதை முயற்சிகளுக்கு ‘புல்லின் இதழ்கள்’ தூண்டுதலாக இருந்ததைத் தாமே கூறியுள்ளார். மனிதகுலம் முழுவதையும் தோள்மீது கைபோட்டு அழைத்த பாவலர் என்றே தமிழ் வாசகர்க்கு விட்மன் அறிமுகமானார். அந்நூல் வெளிவந்தது 1855இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1846 மே 11ஆம் நாள், புரூக்ளின் நகரத்து நாளிதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த அதே விட்மன், மெக்சிகோவைச் செம்மையாகத் தண்டித்தே தீரவேண்டும் என்று தலையங்கம் தீட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அவர் சார்ந்திருந்த சனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போல்க், அதே நாளில்தான் மெக்சிகோவுடன் போர் மூண்டுவிட்டதாக அறிவிக்கக் கோரும் செய்தியைக் காங்கிரசுக்கு அனுப்பினார்.

போர் 1848 தொடக்கத்தில் முடிந்தது. அது நீதியான போர்தானா என்ற வழக்கு அத்துடன் முடியவில்லை. ஆளுங்கட்சியான சனநாயகக் கட்சியும் எதிர்க்கட்சியான விக் கட்சியும் காங்கிரசிலும் இதழ்களிலும் தேர்தல் மேடைகளிலும் இதனை வைத்து மோதிக்கொண்டன. அவ்வாதங்களை இன்று படிப்போர்க்கு ஒன்று புலப்படும். இவ்வளவு பேச்சும் நெடுகிலும் ஒரே வாக்கியத்தைச் சுற்றிச் சுழன்றது. ஒரு மசோதாவின் முகவுரையில் செருகப்பட்ட அந்த ஒற்றை வாக்கியம் ஒரு கட்சியை இரண்டாண்டுக் காலம் கட்டிப்போட்ட வரலாறு, சொல்லைக் கருவியாகக் கொண்டு வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறாகும்.

நூயேசசும் ரியோ கிராண்டேயும்

மெக்சிகோ 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. அதன் வடகிழக்குப் பகுதியே டெக்சாஸ். அங்கே அமெரிக்கர் குடியேற முதலில் இடங்கொடுத்தது மெக்சிகோதான். குடியேறியோர் அடிமைகளையும் உடன் கொண்டுவந்தனர். மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. பின்னர் மாநில உரிமைகளைச் சுருக்கித் தலைநகரின் பிடியை இறுக்கியது. 1836இல் டெக்சாஸ் கிளர்ந்தெழுந்து தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. போரில் சிறைப்பட்ட மெக்சிகோத் தலைவர் சாந்தா அன்னா, தம் படைகள் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் விலகிச் செல்லும் என்று எழுதிக் கையொப்பமிட்டார். சிறைப்பட்டவர் இட்ட கையொப்பம் செல்லாது என்று மெக்சிகோ அரசு மறுத்துவிட்டது.

இங்கேதான் வழக்கின் வேர் இருக்கிறது. மெக்சிகோவின் ஆட்சிக் காலத்தில் டெக்சாசின் தென்னெல்லை நூயேசஸ் ஆறு. புதிய குடியரசோ 1836 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றி ரியோ கிராண்டேயே தன் எல்லை எனக் கூறியது. இரு ஆறுகளுக்கும் இடையே ஏறத்தாழ 150 மைல் அகலத்தில் ஒரு நிலப்பரப்பு கிடந்தது. அதன் பெரும்பகுதி மனித நடமாட்டம் குறைந்த வெளி. ரியோ கிராண்டேயின் கரையை ஒட்டி மட்டும் மெக்சிகோ மக்களின் பழைய குடியிருப்புகள் இருந்தன. டெக்சாஸ் அந்நிலத்தைக் காகிதத்தில் தனதாக்கிக் கொண்டதே அன்றி, அங்கே வரி வாங்கவுமில்லை, நீதிமன்றம் நடத்தவுமில்லை.

1845இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் டெக்சாசைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. மேற்கே பசிபிக் கடல்வரை பரவுவது அமெரிக்காவுக்கு விதிக்கப்பட்ட ஊழ் என்ற பேச்சு எழுந்ததும் அவ்வாண்டில்தான். போல்க் அதே ஆண்டு மார்ச்சில் பதவியேற்றார். கலிபோர்னியாவையும் நியூ மெக்சிகோவையும் விலைக்கு வாங்க அவர் விரும்பினார், 2.5 கோடி டாலர்வரை கொடுக்கலாம் என்று கூறி ஜான் ஸ்லைடலைத் தூது அனுப்பினார். மெக்சிகோ தூதரை ஏற்கவில்லை. 1846 சனவரி 13இல், தளபதி ஜக்கரி டெய்லரின் படை ரியோ கிராண்டேயை நோக்கி நகர வேண்டும் என்று ஆணை பிறந்தது. மார்ச் இறுதியில் டெய்லர் மட்டமோரோஸ் நகருக்கு நேர் எதிரே, ஆற்றின் வடகரையில், கோட்டை கட்டத் தொடங்கினார். ஏப்ரல் 25இல் அமெரிக்கக் குதிரைப்படைப் பிரிவொன்றை மெக்சிகோப் படை வளைத்துத் தாக்கியது. கொல்லப்பட்டும் காயமுற்றும் வீழ்ந்தவர் 16 பேர் என்று டெய்லர் தலைநகருக்கு எழுதினார்.

அக்கடிதம் தலைநகரை அடைந்த நாள் மே 9, சனிக்கிழமை. அன்று பகலிலேயே போல்க் தம் அமைச்சர்களைக் கூட்டி, மெக்சிகோ தர வேண்டிய இழப்பீட்டுத் தொகைகளையும் தூதரை அவமதித்ததையும் காரணமாகக் காட்டிப் போர் கோரலாம் என்று பேசி முடித்திருந்தார். கடற்படை அமைச்சர் ஜார்ஜ் பான்கிராப்ட் மட்டும் தயங்கினார். அமெரிக்க வரலாற்றைப் பல தொகுதிகளில் எழுதிவந்த அவ்வறிஞர், மெக்சிகோ முதலில் கைநீட்டினால் அன்றித் தம் மனம் ஒப்பாது என்றார். மாலை ஆறு மணி அளவில் டெய்லரின் கடிதம் வந்தது. பான்கிராப்டின் தயக்கம் நீங்கியது. செய்தியை எழுத அவரே துணைநின்றார். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையை இவ்வேலையில் கழிக்க நேர்ந்ததற்காகப் போல்க் தம் நாட்குறிப்பில் வருந்தியிருக்கிறார். அவர் வருந்தியது அதற்கு மட்டுமே.

போல்க்கின் தரப்பில் வலுவே இல்லை என்று கூறுதல் நடுநிலை ஆகாது. டெக்சாஸ் இணைக்கப்பட்டால் அதனைப் போராகவே கொள்வோம் என்று மெக்சிகோ முன்னரே எச்சரித்திருந்தது. மெக்சிகோவின் கண்ணில் நூயேசசும் எல்லையன்று. டெக்சாஸ் முழுவதுமே அதற்குச் சொந்தம். தூதரை ஏற்க முனைந்த எரேரா அரசை, அதனையே குற்றமாகச் சாட்டி, தளபதி பரேதெஸ் 1845இன் இறுதியில் கவிழ்த்தார். அங்கும் கட்சிகள் இருந்தன. அங்கும் சமாதானம் பேசுவோர்க்குத் துரோகிப் பட்டம் காத்திருந்தது. ஏப்ரல் 23இல் பரேதெஸ் தற்காப்புப் போர் என்ற பெயரால் போரை அறிவித்திருந்தார். இவையெல்லாம் உண்மை. எனினும் போல்க் இவற்றை மட்டும் கூறியிருந்தால் காங்கிரசு நாள்கணக்கில் வாதிட்டிருக்கும். மெக்சிகோ எல்லை கடந்து வந்து அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தத்தைச் சிந்தியது என்று அவர் எழுதினார். அச்சொற்கள் வாதத்துக்கு இடம் வைக்கவில்லை.

முகவுரை

பிரதிநிதிகள் சபை மே 11 அன்று விவாதத்துக்கு ஒதுக்கிய நேரம் இரண்டு மணி. அதிலும் பெரும்பகுதி ஆவணங்களைப் படிப்பதிலேயே கழிந்தது. மசோதா 50,000 தொண்டர் படையினரைத் திரட்டவும் ஒரு கோடி டாலர் செலவிடவும் இசைவு கோரியது. எதிரியின் முன் நிற்கும் டெய்லரின் படைக்குத் துணை அனுப்புவது என்றால் மறுப்பவர் யார்? விக் கட்சியினரும் அதற்கு ஆயத்தமாகவே இருந்தனர். அந்நிலையில் ஆளுங்கட்சியினர் மசோதாவின் தலையில் ஒரு முகவுரையைச் சேர்த்தனர். மெக்சிகோக் குடியரசின் செயலால் இரு நாடுகளுக்கும் இடையே போர்நிலை ஏற்பட்டுள்ளது என்பது அதன் கருத்து. திருத்தம் 123க்கு 67 என்ற வாக்குகளில் நிறைவேறியது.

இனிப் படைக்குச் சோறு அனுப்ப விரும்புபவர் அந்த வாக்கியத்துக்கும் கையுயர்த்த வேண்டும். வாக்கியத்தை மறுப்பவர் படையைப் பட்டினி போட்டவர் ஆவார். அரசியல் சூழ்ச்சிகளில் இதனினும் எளிமையானதும் இதனினும் கொடியதுமான ஒன்றைக் காண்பது அரிது. கென்டக்கியின் காரட் டேவிஸ் வாக்களிப்பதிலிருந்து விலக்குக் கேட்கும் சாக்கில் எழுந்து நின்றார். வேறு வழியில் பேச அவருக்கு இடம் கிடைக்கவில்லை. உண்மையைக் கூறுவதானால் போரைத் தொடங்கியவர் நம் தலைவரே என்று முகவுரை எழுதப்பட வேண்டும் எனச் சொல்லி அமர்ந்தார்.

இறுதி வாக்கு 174க்கு 14. மறுநாள் செனட்டில் 40க்கு 2. முகவுரையை எதிர்த்த 67 பேரில் பெரும்பாலோர் ஒரு மணி நேரத்துக்குள் அதே முகவுரையைத் தாங்கிய மசோதாவுக்கு இசைந்துவிட்டனர். எதிர்த்த பதினால்வரும் விக் கட்சியினர். அவர்களுள் 78 வயது ஜான் குவின்சி ஆடம்ஸ் ஒருவர். 1825 முதல் 1829 வரை குடியரசுத் தலைவராக இருந்து, பின்னர்ச் சாதாரண உறுப்பினராகச் சபைக்குத் திரும்பிவந்தவர். அடிமை முறையை எதிர்ப்பதையே வாழ்வாகக் கொண்ட ஒகையோவின் ஜோசுவா கிடிங்ஸ் மற்றொருவர். செனட்டில் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன், எல்லையில் நிகழும் கைகலப்பு வேறு, போர் வேறு. போர் என்று சொல்லும் உரிமை காங்கிரசுக்கே உரியது என்று வாதிட்டு வாக்களிக்காமல் இருந்தார்.

ஏனையோர் ஏன் பணிந்தனர்? 1812இல் இங்கிலாந்துடன் நடந்த போரைப் பெடரலிஸ்டுக் கட்சி எதிர்த்தது. போர் முடிந்தபின் அக்கட்சி நாட்டுப்பற்று அற்றது என்ற பழியைச் சுமந்து சில ஆண்டுகளில் மறைந்துபோனது. அதன் இடிபாடுகளைக் கண்முன் கண்டவர்கள் விக் கட்சியினர். கொள்கைக்காக உயிர்விட்ட கட்சி என்ற புகழை அவர்கள் விரும்பவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. டெய்லரின் படை பேரிடரில் இருக்கிறது, ஒரு நாளும் தாழ்த்தலாகாது என்பதே விவாதத்தைச் சுருக்கியதற்குச் சொன்ன காரணம். காங்கிரசு வாக்களிக்கும் முன்பே, மே 8இல் பாலோ ஆல்டோவிலும் மே 9இல் ரெசாகா தெ லா பால்மாவிலும் டெய்லர் வென்றுவிட்டிருந்தார். தந்திக் கம்பிகள் அவ்வளவு தொலைவு சென்றிராத காலம். வெற்றிச் செய்தி பிந்தி வந்தது.

எட்டு வினாக்கள்

அடுத்த இரண்டு ஆண்டுகளும் விக் கட்சி ஒரு கையால் பணம் கொடுத்து மறு கையால் போரைச் சாடியது. 1846 டிசம்பரில் போல்க் தம் ஆண்டுச் செய்தியில், போரின் நீதியை ஐயுறுவோர் பகைவனுக்கு உதவியும் ஆறுதலும் அளிக்கின்றனர் என்றார். அச்சொற்கள் அமெரிக்க அரசியல் சட்டத்தில் தேசத்துரோகத்தை வரையறுக்கும் பகுதியில் உள்ளவை. கேட்டோர் எவரும் அதனை உணராமல் இல்லை.

ஒகையோவின் செனட்டர் தாமஸ் கார்வின் 1847 பிப்ரவரி 11இல் ஆற்றிய உரையே அக்காலத்து எதிர்ப்புரைகளுள் மிகவும் துணிவானது. தாம் ஒரு மெக்சிகோக்காரராக இருந்தால், உங்கள் பிணங்களைப் புதைக்க உங்கள் நாட்டில் இடம் இல்லையா என்று கேட்டு, வருவோரைக் குருதி தோய்ந்த கைகளால் வரவேற்றுக் கல்லறைகளில் விருந்து வைப்பேன் என்னும் பொருள்பட அவர் பேசினார். பகைவனின் வாயில் தன் சொல்லை வைத்துப் பேசும் இவ்வுத்தி கவிஞர்க்குப் பழக்கமானது. அரசியலில் அதற்கு மன்னிப்பு இல்லை. கார்வின் குடியரசுத் தலைவர் ஆகக்கூடும் என்று பேசியவர்கள் அதன்பின் அப்பேச்சை விட்டுவிட்டனர்.

எதிர்த்தவர் எல்லாரும் மெக்சிகோவின்மீது இரக்கங்கொண்டு எதிர்த்தனர் என்று நினைப்பதும் பிழை. கால்ஹூன் 1848 சனவரியில் பேசியபோது, வெள்ளையர் அல்லாத மக்களைக் குடியரசில் சேர்ப்பதா என்பதே அவருடைய கவலை. வென்றெடுக்கும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று 1846 ஆகஸ்டில் திருத்தம் கொண்டுவந்த டேவிட் வில்மாட் ஆளுங்கட்சிக்காரர். வெள்ளை உழைப்பாளிக்கு அந்நிலம் வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகக் கூறிய காரணம். அத்திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வென்றும் செனட்டைக் கடக்கவில்லை. கட்சிகளை அது குறுக்காக வெட்டியது. பின்னர் வந்த உள்நாட்டுப் போரின் முதல் கீறலை அங்கே காணலாம்.

1847 டிசம்பரில் கூடிய புதிய காங்கிரசில் பிரதிநிதிகள் சபை விக் கட்சியின் கைக்கு வந்திருந்தது. மெக்சிகோ நகரம் செப்டம்பரிலேயே வீழ்ந்துவிட்டதால், இனி வாதிட வேண்டியது நடந்து முடிந்ததைப் பற்றியே. இல்லினாயிலிருந்து முதன்முறையாக வந்திருந்த உறுப்பினர் ஒருவர் டிசம்பர் 22 அன்று எட்டு வினாக்கள் கொண்ட தீர்மானத்தை முன்வைத்தார். அவர் ஆபிரகாம் லிங்கன்; வயது 38.

வழக்கறிஞர் ஒருவர் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது போன்றவை அவ்வினாக்கள். இரத்தம் சிந்திய அந்த இடம் 1819ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஸ்பெயினுக்கு உரியதா, இல்லையா? ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோ வென்றெடுத்த நிலத்தில் அடங்கியதா, இல்லையா? டெக்சாஸ் கிளர்ச்சிக்கு நெடுங்காலம் முன்பே மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்குள் அது இருந்ததா, இல்லையா? அம்மக்கள் எப்போதேனும் டெக்சாசுக்கோ அமெரிக்காவுக்கோ வரி கட்டியோ வாக்களித்தோ நீதிமன்றத்தில் நடுவராய் அமர்ந்தோ அதன் ஆட்சியை ஏற்றதுண்டா? அமெரிக்கப் படை நெருங்கியபோது அவர்கள் வீடுகளையும் விளைந்துகொண்டிருந்த பயிர்களையும் காவலின்றி விட்டு ஓடினார்களா, இல்லையா? முதற் குருதி சிந்தியது அவ்வாறு ஓடியவர் ஒருவரின் வேலிக்குள்தானா? சிந்தியவர்கள் தலைவரின் ஆணையால் அங்கே அனுப்பப்பட்ட படைவீரர்கள்தாமே? டெக்சாசைக் காக்க அத்தகைய நகர்வு தேவையில்லை என்று டெய்லர் ஒருமுறைக்கு மேல் தெரிவித்த பிறகுதானே அவர்கள் அனுப்பப்பட்டனர்?

‘அமெரிக்க மண்’ என்ற தொடரை எடுத்து, அது எந்தக் கொல்லை, யாருடைய வேலி என்று கேட்டதே இவ்வினாக்களின் சிறப்பு. முதல் வினா சுட்டும் 1819 உடன்படிக்கையில் அமெரிக்காவின் சார்பில் கையொப்பமிட்டவர் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸ். வினாக்கள் படிக்கப்பட்ட சபையில் அவரும் ஓர் உறுப்பினர்.

போல்க் மறுமொழி கூறவேயில்லை. 1848 சனவரி 3 அன்று தளபதி டெய்லருக்கு நன்றி கூறும் தீர்மானம் வந்தபோது, இப்போர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் குடியரசுத் தலைவரால் தொடங்கப்பட்டது என்ற தொடரை அதில் சேர்க்க மாசாசூசெட்சின் ஜார்ஜ் ஆஷ்மன் திருத்தம் கொடுத்தார். 85க்கு 81 வாக்குகளில் அது வென்றது. பழைய முகவுரைக்கு விக் கட்சி கொடுத்த விடை அதுவே. ஆளுங்கட்சி கையாண்ட உத்தியையே எதிர்க்கட்சியும் கையாண்டது என்பது கருதத்தக்கது. எவரும் மறுக்க முடியாத நன்றித் தீர்மானத்தின் முதுகில் இத்தொடர் ஏற்றப்பட்டது.

லிங்கனின் தொழில் கூட்டாளியான வில்லியம் ஹெர்ண்டனுக்கே இது பிடிக்கவில்லை. படையெடுப்பைத் தடுக்க வேண்டுமானால் தலைவர் எல்லை தாண்டலாம் அல்லவா என்று அவர் எழுதிக் கேட்டார். பிப்ரவரி 15இல் லிங்கன் எழுதிய மறுமொழி குறுகியது. தேவை என்று தமக்குத் தோன்றும்போதெல்லாம் அண்டை நாட்டின்மேல் படை செலுத்தும் உரிமையை ஒருவரிடம் கொடுத்தால், அதற்கு எல்லை எங்கே வகுப்பாய்? மன்னர்கள் எப்போதும் மக்களின் நன்மை என்று கூறியே மக்களைப் போரில் தள்ளினர். அந்த வல்லமை எந்தத் தனி மனிதனிடமும் இருக்கலாகாது என்பதற்காகவே நம் சட்டம் எழுதப்பட்டது. உன் கருத்து நம் தலைவரை மன்னர்களின் இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பது அக்கடிதத்தின் சாரம். சங்கப் புறப்பாடல்களைப் பயின்ற தமிழ் வாசகர் இதில் ஒன்றைக் கவனிக்கக்கூடும். வஞ்சித் திணையின் வேந்தன் மண்ணாசையை மறைப்பதில்லை. இலக்கணமே அதனை அவன் இயல்பாக ஏற்கிறது. மக்களாட்சியின் தலைவருக்கு அவ்வசதி இல்லை. அவருக்கு முகவுரை வேண்டியிருந்தது.

பாவலர் நின்ற பக்கங்கள்

எழுத்தாளர் உலகமும் இரண்டுபட்டது. விட்மனின் தலையங்கங்கள் 1846 முழுவதும் வெற்றி முழக்கமாகவே ஒலித்தன. பாஸ்டனிலோ ஜேம்ஸ் ரஸல் லோவல், 1846 சூன் 17 அன்று ஒரு நாளிதழில், ஹோசியா பிக்லோ என்னும் உழவன் மகன் எழுதியதாக ஓர் அங்கதப் பாட்டை வெளியிட்டார். ஆளெடுக்க வந்த படைச் சார்ஜண்டைப் பார்த்து நாட்டுப்புறத்தான் ஒருவன் தன் பேச்சு மொழியில், உச்சரிப்பு எவ்வாறோ எழுத்தும் அவ்வாறே அமையப் பாடியது அது. தொடர்ந்து வந்தவை 1848இல் நூலாயின. பாடல்களுக்குப் பாதிரியார் ஒருவர் எழுதும் புலமைச் செருக்கு மிக்க முன்னுரைகளும் குறிப்புகளும் லோவலின் கற்பனையே. உரையாசிரியர்களோடு பழகிய தமிழ்ப் புலவர் எவரும் அப்பகுதியைச் சிரிக்காமல் கடக்க இயலாது. அதில் வரும் சாயின் என்ற போர்வீரன் புகழை நம்பிப் போய், காலும் கண்ணும் இழந்து திரும்புகிறான். பிழைக்க வழியாக அவன் காண்பது தேர்தல். மரக்காலே தனக்கு வாக்குச் சேர்க்கும் தகுதி என்று கணக்கிடுகிறான்.

லோவலின் இக்கேலி மிகையன்று. போரை அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்மானித்த விக் கட்சி, அதே ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்திய வேட்பாளர் தளபதி ஜக்கரி டெய்லர். கொள்கை அறிக்கை எதனையும் கட்சி வெளியிடவில்லை. நவம்பரில் வென்றது. லிங்கனும் அவருக்காக ஊர் ஊராகப் பேசினார். கட்சியின் எதிர்ப்பில் எவ்வளவு கொள்கை, எவ்வளவு கணக்கு என்று கேட்போர்க்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

விட்டியர், 1847இல் புவெனா விஸ்தாப் போர்க்களத்தில் இரு தரப்புக் காயமுற்றோர்க்கும் நீர் கொடுத்த மெக்சிகோப் பெண்களைப் பாடினார். எமர்சன் தம் நாட்குறிப்பில், அமெரிக்கா மெக்சிகோவை வெல்லும், ஆயின் நஞ்சை விழுங்கியவன் கதையாகும் என்று எழுதிவைத்தார். மேடையில் அவ்வளவு பேசவில்லை. அவருடைய நண்பர் தோரோ தலைவரி கட்ட மறுத்து 1846 சூலையில் ஓரிரவு சிறையில் இருந்தார். போருக்கு முன்பே, அடிமை முறையை முன்னிட்டு, அவர் வரியை நிறுத்திவிட்டவர். போர் அம்மறுப்புக்கு இன்னொரு காரணமாயிற்று. 1849இல் அச்சான அவருடைய கட்டுரையின் பகுதிகளைக் காந்தியடிகள் 1907இல் தென்னாப்பிரிக்காவில் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்டார். அதனைத் தொடர்ந்த போராட்டத்தில் டிரான்சுவால் சிறைகளை நிறைத்தவருள் தமிழர் மிகப் பலர்.

மெக்சிகோவிலும் எழுத்தாளர்கள் வாளாவிருக்கவில்லை. கவிஞர் கில்லெர்மோ பிரியெத்தோ உள்ளிட்ட பதினைவர் கூடி 1848இலேயே போரின் வரலாற்றைக் கூட்டாக எழுதினர். போருக்கு மூலம் அண்டை நாட்டின் அடங்காத நிலவேட்கை என்று தொடங்கும் அந்நூல், தம் நாட்டுக் கட்சிகளின் பூசலையும் மறைக்கவில்லை. 1847 மார்ச்சில் அமெரிக்கப் படை வேராகுருசில் இறங்கிய வேளையில், மெக்சிகோ நகரின் சொந்தக் காவற்படைகள் திருச்சபைச் சொத்து பற்றிய சட்டத்தை எதிர்த்துத் தம் அரசின்மேலேயே துப்பாக்கியைத் திருப்பியிருந்தன.

விட்மன் 1848 சனவரியில் ஆசிரியர் பதவியை இழந்தார். புதிய நிலத்தில் அடிமை முறை கூடாது என்று எழுதியதே காரணம். போரை வாழ்த்தியவர் போரின் பயனைப் பங்கிடும் இடத்தில் கட்சியோடு முரண்பட்டு வெளியேறினார். ‘புல்லின் இதழ்கள்’ உருவாகத் தொடங்கியது இதன் பின்னரே என்பதை அவர் வாழ்க்கையை எழுதுவோர் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

1848 பிப்ரவரி 2இல் குவாதலூபே இதால்கோவில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. டெக்சாசையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது, 1.5 கோடி டாலர் பெற்றது. ஒன்பது நாள்களுக்கு முன்பு கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி கையொப்பமிட்டோர் எவர்க்கும் தெரியாது. அமெரிக்கத் தரப்பில் இறந்தோர் ஏறத்தாழ 13,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நோய். பிப்ரவரி 21 அன்று, அப்போரின் தளபதிகளைப் போற்றும் தீர்மானத்துக்கு ‘இல்லை’ என்று உரக்கக் கூறிய ஆடம்ஸ், சற்று நேரத்தில் தம் இருக்கையிலேயே சரிந்தார். இரண்டு நாள் கழித்து அக்கட்டடத்திலேயே உயிர் நீத்தார்.

டெய்லரின் படையில் இளம் அதிகாரியாக இருந்த யுலிசிஸ் கிராண்ட், பின்னாளில் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர். 1885இல் தம் இறுதி நாள்களில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், சண்டையைத் தூண்டவே தாங்கள் அனுப்பப்பட்டதாகவும், அதனை மெக்சிகோ தொடங்குவது இன்றியமையாததாக இருந்தது எனவும் எழுதினார். வலிய நாடு மெலிய நாட்டின்மீது தொடுத்த போர்களுள் மிகவும் நீதியற்றவற்றில் ஒன்று என்பது அவர் தீர்ப்பு. தம் நாடு இறங்கிய போரை எதிர்ப்பவனுக்கு வாழ்விலும் வரலாற்றிலும் கிடைக்கும் இடம் பொறாமைப்படத் தக்கதன்று என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

லிங்கனுக்கு அது நேர்ந்தது. ‘இடம் எது’ என்று கேட்டதை வைத்து எதிர்க்கட்சி இதழ்கள் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டின. பத்தாண்டுகள் கழித்து, 1858 ஆகஸ்டில், ஒட்டாவா நகர மேடையில் ஸ்டீபன் டக்ளஸ் அதனை மீண்டும் எடுத்து, போர்க்காலத்தில் பகைவன் பக்கம் நின்றவர் என்று சாடினார். படைக்குப் பணம் வழங்கும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தாம் வாக்களித்ததாகவே லிங்கன் விடையிறுக்க வேண்டியிருந்தது. 1860இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்காகத் தம் வாழ்க்கைக் குறிப்பை, தம்மையே படர்க்கையில் வைத்து, அவர் எழுதிக் கொடுத்தார். சில பக்கங்களே கொண்ட அக்குறிப்பில் தம் பள்ளிப் படிப்புக்குச் சில வரிகளே ஒதுக்கியவர், 1848 சனவரியில் தாம் அளித்த வாக்கை விளக்க ஒரு பத்தியைச் செலவிட்டிருக்கிறார். ஆற்றங்கரையில் மெக்சிகோ மக்கள் வாழ்ந்த நிலத்துக்குள் படை அனுப்பப்பட்டது, அம்மக்கள் டெக்சாசின் ஆட்சியையோ அமெரிக்காவின் ஆட்சியையோ ஒருபோதும் ஏற்காதது என்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட அதே செய்திகள் அங்கே மீண்டும் எழுதப்பட்டுள்ளன.